வெண்டிலேஷனும் ஒரு காலி ஆணியும்

கோலார் தங்க வயலில் என் ரத்தக் கொதிப்பை ஏற்றியவர்களை வரிசையாக நிற்கவைத்தால், முதல் பத்து இடங்களிலும் வெண்டிலேஷனே நிற்பார். பதினோராவது இடத்தில்தான் வெயில்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் பேக்கரியோ, பல் ஆஸ்பத்திரியோ, எங்கே ஏசி பார்க்கக் கூப்பிட்டாலும் வாசலிலேயே நின்று, மூக்கைத் தூக்கி மோந்து, "வெண்டிலேஷன் சரியில்லே" என்று தீர்ப்பு சொல்லிவிடுவார். பெயரும் அதுவே ஆகிப்போனது. மற்ற மெக்கானிக்குகள் "கேஸ் கம்மி" என்று சிலிண்டரோடு வருவார்கள். இவர் அதைத் தொடமாட்டார். "கேஸு இன்னா டீயா, குடிக்கக் குடிக்கத் தீந்து போவறதுக்கு? ஓட்டை இல்லாம அது எங்க போவும்?" என்று நம்மைத் திருடனைப்போலப் பார்ப்பார்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். டோக்கனைத்தான் பொறுக்கமுடியாது.

சுரங்கம் ஓடிய காலத்தில் உள்ளே இறங்குகிறவன் ஒரு டோக்கனோடு இறங்குவான், ஏறியதும் திருப்பிக் கொடுப்பான். டோக்கன் வராவிட்டால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். எங்கள் அப்பன்மார்களின் வழக்கம் அது. வெண்டிலேஷன் ஒரு நாள்கூடச் சுரங்கத்தில் இறங்கியவர் அல்ல. அது மூடப்பட்டபோது ஐ.டி.ஐ.யில் அரியர் எழுதிக்கொண்டிருந்தார். இருந்தும் ஒரு பலகையில் ஐந்து ஆணி அடித்து, ஐந்து அலுமினிய வில்லைகளை மாட்டி, வேலைக்குப் போகுமிடமெல்லாம் தூக்கிவருவார். ஏசியின் வெளி மெஷின் இருக்கும் மொட்டைமாடிக்கு யார் போனாலும் ஒரு வில்லை எடுத்துப் போகவேண்டும். ஐந்தும் ஆணிக்குத் திரும்பும்வரை ஏசியின் மெயின் சுவிட்சைப் போடமாட்டார். எமனே வந்து கேட்டாலும் டோக்கன் எங்கே என்பார்.

அப்போது நான் எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர். அடுத்தடுத்து இரண்டு கல்யாணங்களில் ஏசி காலைவாரிவிட்டது. மூன்றாவது கல்யாணத்துக்கு முந்தின நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கும் ஜனங்க வெந்தாங்கன்னா மண்டபத்தைக் கோழித் தீவன குடோனுக்கு விட்டுடறேன். நீ அங்க கோழிகளை எண்ணிக்கினு இரு" என்றார். வேடிக்கையாகச் சொல்லவில்லை. தீவனக்காரர் ஏற்கெனவே வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

மறுநாள் வெயில் கூரைமேல் ஏறி உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் பௌத்தக் குடும்பத்துக் கல்யாணம். பஞ்சசீலம் சொல்லி, மாலை மாற்றி, எல்லாம் அழகாக முடிந்த நேரத்தில் ஏசி வாயிலிருந்து வெந்நீர்க்குளியல் ஆவிபோல ஒரு காற்று வந்தது. நான் ஓடிப்போய் வெண்டிலேஷனை இழுத்துவந்தேன்.

வாசலில் நின்றார். மோந்தார்.

"சொல்லாதீங்கண்ணே" என்றேன்.

"சொல்லாம எப்டி? வெண்டிலேஷன் சரியில்லே."

மெயினை அணைத்துவிட்டு மாடிக்குப் போனார். சுரங்கக்காரர்கள் தங்கம் பிரித்தபின் கொட்டிவைத்த சயனைடு மேட்டு வெள்ளை மண் காற்றில் வந்து வெளி மெஷினின் தகடுகளை அடைத்திருந்தது. ஓஸ் பைப்பைப் பிடித்துக் கழுவித் தள்ளினார். அந்தத் தண்ணீர் நேராகக் கீழே ரசத்தில் விழுந்தது. சமையல்காரர் கரண்டியோடு கிளம்பிவிட்டார். கழுவி முடித்து மெயினைப் போட்டால் மறுபடியும் அதே ஆவி.

"அப்போ உள்ளதான் கோளாறு" என்று, ஏதோ தானே ஜெயித்ததுபோலச் சிரித்தபடி மெயினை மறுபடி அணைத்தார். உள் மெஷினைத் திறந்தால் குழாய்ச் சுருள் முழுவதும் ஐஸ். நாங்கள் வெந்துகொண்டிருக்க, அது மட்டும் இமயமலையில் இருந்தது. மண்டபத்துக் காற்று மெஷினுக்குத் திரும்பிப் போகும் பெரிய சல்லடை ஜன்னல் மேடைக்குப் பின்சுவரில் இருக்கிறது. அலங்காரக்காரர்கள் சரியாக அதன்மேல், சுவர் உயரத்துக்கு ஒரு தெர்மோகோல் அரசிலையை நிறுத்தியிருந்தார்கள்.

"காத்து திரும்பறதுக்கு வழியில்லே. எலையைக் கழட்டுங்க."

"கல்யாணம் நடக்குதுண்ணே! போட்டோ எடுக்கறாங்க!"

மேடையிலிருந்து மணப்பெண்ணே கத்தினாள். "கழட்டுங்கண்ணா! என் மேக்கப்பு பாதி முந்தானையில கீது!"

இலை இடம் மாறியது. ஐஸ் உருகி முடிந்தது. எல்லாம் தயார். வெண்டிலேஷன் பலகையைப் பார்த்தார். ஐந்தாவது ஆணி காலி.

"மாப்ளையோட தாய்மாமன் வாங்கினு போனாரு. மேல காத்து வாங்கணும்னாரு" என்றார்.

தாய்மாமனுக்கு போன் போட்டோம். மணி மாப்பிள்ளை அறையில் சார்ஜரில் அடித்தது. நான் மெயினை நோக்கிப் பாய்ந்தேன். வெண்டிலேஷன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அதன்முன் நின்றார்.

"டோக்கன் வரலே. ஆளு மேல கீறாரு."

"நான் போய்ப் பாத்துட்டு வரேன்!"

"போங்க. டோக்கன் எடுத்துக்கினு போங்க."

எடுத்துக்கொண்டு போனேன். மாடியில் கொதிக்கும் தரையும் ஒரு காக்காவும்தான். இறங்கிவந்து வில்லையை மாட்டினேன்.

"தண்ணி டாங்கிக்குப் பின்னாடி பாத்தீங்களா மேனேஜரே?"

மறுபடி ஒரு டோக்கன். மறுபடி மாடி. இந்தமுறை காக்காவும் இல்லை.

"அண்ணே, யாரும் இல்லே! பின்பக்கம் இரும்புப் படியில எறங்கிப் போயிருப்பாரு!"

"இருக்கலாம். நீங்க பாக்காத எடத்துலயும் இருக்கலாம். ஃபேனு சுத்தும்போது கை வெச்சிருந்தா?"

உள்ளே விசிறிகளாகிப் போன கல்யாணப் பத்திரிகைகள் நூற்றுக்கணக்கில் படபடத்தன. முதலாளி வந்து நின்று என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோழிகள் தெரிந்தன. "யோவ், போடுய்யா மெயினை!" என்று அவர் அதட்டினார். "முதலாளி, உங்க கட்டடம்தான். ஆனா மேல போனது உங்க கட்டடம் இல்லியே, ஆளாச்சே" என்றார் வெண்டிலேஷன், நகராமல்.

கடைசியில் வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. பெங்களூர் ரயிலில் வந்த உறவுக்காரர்களை மாரிகுப்பம் ஸ்டேஷனிலிருந்து அழைத்துக்கொண்டு தாய்மாமன் இறங்கினார். விரலில் வில்லை.

"இதுவா? சாப்பாட்டு டோக்கன்னு இல்ல நெனச்சேன்! பந்தி போட்டாச்சா?"

வெண்டிலேஷன் அவரைத் திட்டவில்லை. வில்லையை வாங்கி ஐந்தாவது ஆணியில் மாட்டினார். அப்படியும் திருப்தியில்லை. மாடிப்படியில் பாதி ஏறி, "மேல யாராவது கீறீங்களா?" என்று கூவிக் காது கொடுத்துக் கேட்டார். அப்புறம்தான் மெயின் விழுந்தது. குளிர் மெல்ல இறங்கி வந்து, ஒவ்வொரு கழுத்தாகத் தொட்டு, படபடத்த பத்திரிகைகளை ஒவ்வொன்றாக மடியில் சாய்த்தது.

எனக்கு மட்டும் ஆறவில்லை. "யாருமே இல்லாத மொட்டைமாடிக்காக இத்தனை பேரை வேகவெச்சீங்களே!"

"யாரும் இல்லேன்னா நல்லதுதானே மேனேஜரே. அதுக்குப் போய் ஏன் கோவப்படறீங்க?" என்று சொல்லிவிட்டு, பந்திக்குப் போய் அந்த ரசத்தையே இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை முதலாளி சொன்னார்: "குடோன் பேச்சை விட்டுட்டேன். ஆனா அந்த ஆளு இனிமே இங்க வரக்கூடாது. வேற மெக்கானிக்கைப் பாரு."

எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் கல்லெறிந்தால் ஒரு ஏசி மெக்கானிக் மேல்தான் விழும். நான் முதலாளியின் கண்ணைப் பார்த்து, "தேடிட்டேன் முதலாளி. நம்ம ஊர்ல அவரை விட்டா வேற ஆளே இல்லே" என்றேன்.