துக்கமும் ஆறு பெட்டி பிரைமரும்

துக்க வீட்டில் துக்கத்தை மட்டும்தான் விசாரிப்பது என்று இங்காவின் வாசற்படியில் நின்று ஆர்விட் சத்தியம் செய்துகொண்டார். துக்க வீட்டுக்கென்று மனைவி மார்லிஸ் அடுப்பில் வேகவைத்துக் கொடுத்தனுப்பிய ஹாட்டிஷ் என்கிற இறைச்சி-உருளைக்கிழங்குப் பதார்த்தப் பாத்திரம் கையைச் சுட்டது. மனசாட்சி அதைவிடச் சுட்டது.

இங்காவின் புருஷன், செத்துப்போன ஐனார், நல்ல மனுஷன். மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் துப்பாக்கித் தோட்டாவை வீட்டிலேயே செய்துகொள்ளும் பைத்தியம் ஆர்விட்டை விட்டால் அவருக்குத்தான். அதற்கு பிரைமர் வேண்டும். தோட்டாவின் அடியில் பொட்டு அளவு இருக்கும். அது பொறிந்தால்தான் வெடிமருந்து பற்றும். எட்டு மாதமாகக் கடைகளில் அது கண்ணில் படவில்லை. கடைக்குச் சரக்கு லாரி வரும் செவ்வாய்தோறும் ஆர்விட் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பினார். மான் வேட்டைக்கு இன்னும் நாலே வாரம். ஐனாரின் நிலவறையிலோ ஆறு பெட்டி! சவப்பெட்டி முன்னால் தலை குனிந்து நின்றபோதும் ஆர்விட் மனதுக்குள் எண்ணியது அந்தப் பெட்டிகளைத்தான். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

"வா ஆர்விட். நீயாவது எட்டிப் பாத்தியே," என்றாள் இங்கா.

"உதவி ஏதாச்சும் வேணும்னா கூச்சப்படாம சொல்லு இங்கா. நிலவறையை ஒழிக்கணும், அலமாரியைத் துடைக்கணும்னா..."

"நிலவறை கிடக்கட்டும். குளிர் வருது, ஜன்னலுக்கெல்லாம் வெளிக்கண்ணாடி மாட்டணும்."

பதினான்கு ஜன்னல். மாட்டினார். அடுத்த வாரம் விறகு பிளந்தார். அதற்கடுத்த வாரம் கூரையில் ஏறி இலைச் சருகு அள்ளினார். ஒவ்வொரு முறையும் காப்பி குடிக்கும்போது, "ஐனாரோட சாமானெல்லாம்..." என்று தொடங்குவார். இங்கா கண்ணைத் துடைப்பாள். எரிகிற வீட்டில் பிடுங்குகிறவன் என்று ஊர் சொல்லிவிடுமே! ஆர்விட் அவசரமாக ஒரு குக்கியை வாயில் திணித்துக்கொள்வார்.

ஞாயிறு பிரசங்கத்தில் பாதிரியார், "விதவையை ஆதரிப்பது எப்படி என்று நம் ஆர்விட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்," என்றார். சபையே திரும்பிப் பார்த்தது. ஆர்விட் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

வீட்டில் மார்லிஸ் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம வீட்டுக்கும் ஜன்னல் இருக்கு, தெரியுமா?"

"பாவம் மார்லிஸ், அவ தனியா இருக்கா."

"மூணு வாரமா நானும்தான் தனியா இருக்கேன். நீ செத்தாத்தான் எனக்கு ஜன்னல் மாட்ட ஆள் வருமா?"

"என்ன பேச்சு பேசற!"

"சரி சரி, ரொட்டி சுட்டிருக்கேன். சூடு ஆறுறதுக்குள்ள இங்காகிட்ட குடுத்துட்டு வா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அழுகையை அடக்குகிறாள் என்று ஆர்விட் நினைத்தார். தான் ஒரு பாவி என்றும் நினைத்தார்.

ரொட்டியை இங்காவின் மேஜைமேல் வைத்ததும் அவர் உடைந்துபோனார்.

"இங்கா, நான் கேவலமானவன். ஜன்னல், விறகு, கூரை எல்லாமே ஐனாரோட பிரைமர் பெட்டிக்காகத்தான். என்னைத் திட்டு. வேணும்னா பாதிரியார்கிட்ட சொல்லு."

இங்கா நிதானமாக ரொட்டியை அறுத்தாள்.

"அந்தப் பெட்டியா? அடக்கம் முடிஞ்சு சர்ச்சுல சாப்பாடு போட்டப்பவே மார்லிஸ் கேட்டு வாங்கிட்டாளே. 'எம் புருஷன் வெக்கப்படுவான், நானே எடுத்துட்டுப் போறேன்'னா."

"வாங்கிட்டாளா! எங்க வெச்சிருக்கா?"

"உங்க வீட்டு வாஷிங் மெஷினுக்கு மேல, சோப்புத் தூள் பக்கத்துல. அன்னிலேருந்து அங்கதான் இருக்காம், மார்லிஸே சொன்னா. ஏன் ஆர்விட், இத்தனை நாள்ல ஒரு சாக்ஸ்கூடவா நீ துவைக்கல?"