பொன்னாடையைப் பறவை என்று நினைத்த கருவி

நான் செய்த இயந்திரம் பெரிய மனிதர்கள் முன்னால் என் பேச்சை மீறியது. வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கோ அதில் இன்றுவரை பெருமை.

அப்போது நான் ஆராய்ச்சி மாணவி. ராயப்பன்பட்டியில் அப்பாவின் திராட்சைப் பந்தலில் பறவை விரட்டும் கருவி ஒன்றை அமைத்திருந்தேன். இறக்கை விரிவதைக் கேமரா கண்டுவிட்டால் சைரன் அலறும், தண்ணீர் பீய்ச்சும். கரண்ட் போனாலும், ஒரு பாகம் பழுதானாலும் தானே சமாளித்துக்கொள்ளும். 'எதற்கும் அசையாது' என்று அறிக்கையில் எழுதியிருந்தேன் (அடக்கம் எனக்குக் கொஞ்சம் கம்மி). ஆய்வுக் குழு ஒப்புக்கொண்டால்தான் மற்ற தோட்டங்களுக்கும் அது போகும். இல்லையென்றால் மூன்று வருட உழைப்பு அம்போ.

குழுத் தலைவர் வந்தார். அவரை வெறுங்கையோடு வரவேற்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. கேமராவுக்கு நேர் எதிரே நின்று, சரிகைப் பொன்னாடையை இரண்டு கையாலும் உதறி விரித்தார்.

அவ்வளவு பெரிய இறக்கையை என் கருவி அதுவரை பார்த்ததில்லை. சைரன் அலறியது. தண்ணீர் தலைவரின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிக்கொண்டு போனது.

"ஆத்தா, ஐயா நனையிறாக! நிப்பாட்டு!" என்று கத்திய அப்பா, பொன்னாடையாலேயே அவரைத் துடைத்தார். (ஒவ்வொரு துடைப்புக்கும் ஒரு பீய்ச்சல்.)

மெயினை அணைத்தேன்; பேட்டரிக்கு மாறியது. பேட்டரியைப் பிடுங்கினேன், சோலாரில் ஓடியது. கேமராவைத் துண்டால் மூடினேன். பக்கத்து வரிசைக் கேமரா பொறுப்பேற்றுக்கொண்டது. தண்ணீர்க் குழாயை மூடலாம் என்று தோன்றவே இல்லை. (முனைவர் பட்டப் படிப்பு அதற்கெல்லாம் உதவாது.)

"அப்பா, பொன்னாடையைக் கீழ போடுங்கப்பா!"

"ஐயாவுக்குச் செய்யிற மரியாதையைக் கீழ போடுறதா? பெரியவுக என்ன நினைப்பாக!"

கடைசியில் பெரியவரே அதைப் பிடுங்கிச் சுருட்டி, சேற்றில் போட்டு மேலே உட்கார்ந்துகொண்டார். கருவி அடங்கியது.

"எதுக்கும் அசையாதுன்னு எழுதியிருந்தீங்க. நான் நம்பலம்மா," என்றார், முகத்தை வழித்துக்கொண்டே. "இப்ப நம்புறேன்."

உட்கார்ந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டார். அடுத்த வருடப் புயலில் நாலு நாள் கரண்ட் இல்லை. கருவி வைத்த தோட்டங்களில் ஒரு கொத்துக்கூடப் பறவைக்குப் போகவில்லை.

இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் பொன்னாடையை மடித்தபடியேதான் கொடுப்போம். விவரம் தெரியாதவர் யாராவது விரித்துவிட்டால் குடும்பமே குனிந்துகொள்ளும். அப்பா மட்டும் நிமிர்ந்து நின்று சொல்வார்: "எம் மக செஞ்சதுல்ல! அவளே சொன்னாலும் நிக்காது."