காப்பறைச் சாவிகள் மூன்றும் காப்பறைக்குள்ளே

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நான் உயிரோடு இருக்கிறேன். அங்கு நீங்களும், தங்கச்சியும், பிள்ளைகளும், உங்கள் பூட்டுக் கடையும் சுகம் என்று நம்புகிறேன். கடையைத் தனியாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு, கீழே வருகிறது. உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் மருமகளுக்குக் கல்யாணம். பெண்ணைப் பெற்றவன் நான் அதற்கு வருவேனா என்பது இந்த நிமிஷம் வரை எனக்கே தெரியாது.

என் உத்தியோகம் என்னவென்று நீங்கள் ஒருநாளும் ஒழுங்காகக் கேட்டதில்லை. "அத்தான் ஐஸ் பெட்டிக்குக் காவல் இருக்கார்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அது ஐஸ் பெட்டி இல்லை. மூன்று நாடுகள் தங்களிடம் இருந்த பொல்லாத நோய்க்கிருமிகளை எல்லாம் குப்பிகளில் அடைத்து, காப்பறை என்று பெயரிட்ட ஒரே குளிர் அறையில் வைத்திருக்கின்றன. தடுப்பு மருந்து செய்கிறவர்கள் கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம், ஆனால் எந்த நாடும் மற்ற இரண்டுக்குத் தெரியாமல் எடுத்துப்போய் ஏடாகூடமாக எதுவும் செய்துவிடக் கூடாது. அதற்காக மூன்று சாவி, ஆளுக்கு ஒன்று. மூன்றையும் ஒரே சமயத்தில் திருப்ப வேண்டும். மூன்று சாவியும் கையில் இல்லாமல் கதவைத் தொடவே கூடாது, அது முதல் விதி. அந்தப் பூட்டை எந்த நாட்டில் வாங்குவது என்று மூவரும் மல்லுக்கு நின்றபோதுதான், யாருக்கும் வேண்டாதது என்ற ஒரே தகுதியில் உங்கள் கடைப் பூட்டு தேறியது. "பீரங்கி வச்சாலும் அசையாது அத்தான்" என்று சொல்லி நீங்களே வந்து மாட்டிவிட்டுப் போனீர்கள், ஞாபகம் இருக்கும்.

சாவி வைத்திருக்கும் மூவரையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் நெட்டையர். இன்னொருவர் கண்ணாடியம்மா. மூன்றாமவர் சிரிக்காதவர், அவரை வேறெப்படியும் சொல்ல முடியாது. போன வாரம் பாதுகாப்புக் கூட்டத்தில் நெட்டையரின் கால்சட்டைப் பையில் ஓட்டை இருப்பதைக் கண்ணாடியம்மா கண்டுபிடித்துவிட்டார். அவ்வளவுதான், சாவி பைக்குள் இருப்பது பத்திரமா என்று பேச்சு கிளம்பி, சாப்பாட்டு வேளை தாண்டி, நாற்காலி சூடாகி, கடைசியில் மூன்று நாடும் ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தன. இதற்கு முன் இவர்கள் ஒருமனதாக ஜன்னலைக்கூடத் திறந்ததில்லை. முடிவு என்னவென்றால், சாவிகளை இந்தக் கட்டடத்திலேயே மிகவும் பத்திரமான இடத்தில் வைப்பது. கட்டடத்திலேயே மிகவும் பத்திரமான இடம் எது? அந்தக் குளிர் அறைதான். உடனே போய்த் திறந்தார்கள், மூன்று சாவியையும் உள்ளே ஒரு தட்டில் வைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், கதவைச் சாத்தினார்கள். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. எல்லோரும் கைதட்டினோம். நானும்தான். கைதட்டல் ஓய்ந்த பிறகு சிரிக்காதவர் மெதுவாகக் கேட்டார்: "இனிமே எப்படித் திறக்கிறது?"

மாற்றுச் சாவி இல்லையா என்று கேட்பீர்கள். ஒவ்வொரு நாட்டிடமும் ஒன்று இருக்கிறது. மற்ற இரண்டு நாடும் முதலில் அனுப்பட்டும், பிறகு நாங்கள் அனுப்புகிறோம் என்று மூன்று நாடும் மிக மரியாதையாகப் பதில் போட்டிருக்கின்றன. பூட்டுத் திறக்கிறவர் ஒருவரைக் கூட்டிவந்தேன். மூன்று சாவியும் இல்லாமல் கதவைத் தொடக் கூடாது என்று மூவரும் குறுக்கே நின்றார்கள். அவர் கதவைத் தூரத்தில் இருந்தே கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனார். இப்போது மூவரும் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் எழுந்து போனால் மற்ற இருவருக்கும் சந்தேகம் வருகிறதாம். பொழுது போகாமல் நம் கல்யாண மண்டபத்தின் படத்தை வாங்கிப் பார்த்து, வாசல் ஒன்றுதான் இருக்கிறது, கை கழுவும் இடம் போதாது, சம்பந்தி வீட்டார் பகுதிபகுதியாக உள்ளே வரட்டும் என்று எனக்கு யோசனை சொல்கிறார்கள். சம்பந்தியிடம் இதைப் போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

எனக்கு இந்த வாரத்தோடு பணி ஓய்வு. புதிதாக வந்திருக்கும் மேலாளர் கதவு திறந்து குப்பிகளைக் கண்ணால் பார்த்தால்தான் பொறுப்பை ஏற்பாராம். அதுவரை நான் வாசலைத் தாண்ட முடியாது. உங்கள் அக்கா போனில் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். "உங்களுக்குப் பெத்த பொண்ணு பெருசா, அந்தக் கிருமி பெருசா? எந்தம்பி வாங்கிக் குடுத்த பீரோவுல நகையெல்லாம் வச்சிப் பூட்டி, எல்லா வேலையும் நான் ஒருத்தியே முடிச்சிட்டேன். நீங்க வந்து நின்னாப் போதும். அதுகூட முடியாதா?"

போட்டது போட்டபடி ஓடி வந்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் நம் பெண் குழந்தையாக இருந்தபோது ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் வந்ததே, அவள் கண் திறக்காமல் கிடந்தாளே, அதற்கு மருந்து செய்யக் குப்பி கொடுத்தது நமக்கு ஆகாத ஒரு நாடு. இதே போன்ற ஓர் அறையில் இருந்து, பலர் முன்னிலையில் எடுத்துக் கொடுத்தார்கள். அந்தக் கதவை நான் எப்படிக் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு வருவது? வராமலும் எப்படி இருப்பது? எனக்கு அழுகையாக வருகிறது மைத்துனரே, இந்த மூவர் முன்னால் அழவும் முடியவில்லை. ஒருவர் அழுதால் மூவரும் காரணம் கேட்பார்கள்.

ஆகவே நான் வராவிட்டால் என் இடத்தில் நீங்கள் நின்று எல்லோரையும் வரவேற்க வேண்டும். சம்பந்தியோடு அரசியல் பேசாதீர்கள். இவ்வளவு கெட்டியான பூட்டை விற்றதற்காக உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனாலும் தொழிலில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, மணப்பெண்ணுக்கு அப்பாவின் முத்தம்.

இப்படிக்கு,
கதவுக்கு வெளியே இருக்கும்
உங்கள் அத்தான்

பி.கு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் கதவு திறந்துவிட்டது. சாப்பிட்ட மயக்கத்தில் நெட்டையர் அதன் மேல் சாய்ந்தார், நேராக உள்ளே போய் விழுந்தார். குப்பிகள் அத்தனையும் சரியாக இருக்கின்றன, புது மேலாளர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். உங்கள் பூட்டு மாட்டிய நாளில் இருந்தே பூட்டவில்லை மைத்துனரே. இத்தனை வருஷமாக மூன்று நாடும் சேர்ந்து திறந்த கதவைத்தான் திறந்துகொண்டிருந்தோம். விஷயம் வெளியே தெரியாமல் கதவுக்கு வேறு பூட்டு போட்டாயிற்று, இனிமேல் பூட்டியதும் இழுத்துப் பார்ப்பது என்று இரண்டாவது முறையாக ஒருமனதாக முடிவும் செய்தாயிற்று. நான் கல்யாணத்துக்கு வருகிறேன். மூவரும் கூட வருகிறார்கள், உங்களை நேரில் பார்க்க வேண்டுமாம், சிரிக்காதவர் முதல்முறையாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அது கிடக்கட்டும். நகை வைத்திருக்கும் பீரோவுக்கும் உங்கள் கடைப் பூட்டுதானே? உடனே போய் ஒருமுறை கையால் இழுத்துப் பாருங்கள்.