ஜிம்மியின் சாந்த முகம்

வேலையில்லாதவனுக்குக்கூடப் பெண் கிடைத்துவிடும். நாய் வளர்ப்பவனுக்கு வாடகை வீடு கிடைக்காது. உறையூரில் நாங்கள் இருந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்றதும்தான் இது எனக்கு உறைத்தது.

அலைந்து திரிந்ததில் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு அமைந்தது. என் மனைவி சுமதி வேலை பார்க்கும் ஸ்கூலுக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். வீட்டுக்காரர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"நாய் சாதுவான்னு மொகத்தப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சுடும். ஒரு போட்டோ அனுப்புங்கோ."

ஜிம்மி முகத்தில் சாதுத்தனமா! (கூரியர்காரர் எங்கள் பார்சலை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு ஓடுகிறவர்.)

மொட்டை மாடியில் படப்பிடிப்பைத் தொடங்கினேன். முதல் படத்தில் வால் மட்டும். அடுத்ததில் கொட்டாவி. அப்புறம் என் செருப்போடு ஓடும் பின்பக்கம். எனக்கோ பெரிய போட்டோகிராபர் என்ற நினைப்பு. தரையில் குப்புறப் படுத்து, "இதுக்குப் பேரு லோ ஆங்கிள்" என்று சுமதிக்கு விளக்கம் வேறு சொன்னேன்.

"முதல்ல எந்திரிங்க. அது உங்களைத் தாண்டிக் கீழ போயி ரொம்ப நேரமாச்சு."

கடைசியில் மூளை வேலை செய்தது. போனை உயரத் தூக்கி, பின்னால் ஒரு முறுக்கைப் பிடித்தேன். ஜிம்மி அப்படியே உட்கார்ந்துவிட்டது! அண்ணாந்த முகம், ஈரக் கண்கள், உலகப் பற்றெல்லாம் விட்டுப்போன பார்வை. படமெடுத்ததும் முறுக்கைக் கொடுத்தேன். ஆசை அடங்காமல் திரும்பத் திரும்ப எடுத்தேன், திரும்பத் திரும்பக் கொடுத்தேன். (சனி பிடித்தது அங்கேதான்.)

படத்தைப் பார்த்து வீட்டுக்காரர் உருகிப்போனார். "என்ன ஒரு சாந்தம்! நேர்ல அழைச்சுண்டு வாங்கோ."

ஞாயிற்றுக்கிழமை போனோம். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். ஜிம்மி நல்ல பிள்ளையாக என் காலடியில் படுத்துக்கொண்டது. அவர் சாவியைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இருங்கோ, எங்க பொண்ணுக்கு ஒரு படம் அனுப்பறேன்" என்று போனை உயரத் தூக்கினார்.

முறுக்கு எங்கே என்று ஜிம்மி பாய்ந்தது. அடுத்த நொடி ஊஞ்சலில் இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். முன்னால் வரும்போது அவர் "ரங்கா! ரங்கா!" என்று அலறினார், பின்னால் போகும்போது ஜிம்மி அவர் மூக்குக்கண்ணாடியை நக்கியது.

வீடு போச்சு. சுமதி வழியெல்லாம் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள்.

சாயங்காலம் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. பதற்றத்தில் அவர் விரல் அமுக்கிவிட்டிருக்கிறது. காற்றில் நான்கு கால்கள், பறக்கும் காதுகள், படம் முழுக்க நாக்கு. கீழே, "இதுதான் உங்கள் ஜிம்மி" என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்துத்தான் சுமதி வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் உயிர் வந்தது.

இப்போது ஜீயபுரத்தில் இருக்கிறோம். சுமதி பஸ் மாறி ஸ்கூலுக்குப் போகிறாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறோம். சொந்தத்தில் யாருக்கு வரன் போட்டோ வந்தாலும் முதலில் சுமதியிடம்தான் காட்டுகிறார்கள். அவள் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"இது முறுக்கைக் காட்டி எடுத்ததா, காட்டாம எடுத்ததா?"