ஆறே காலுக்கு வரும் வைரஸ்

சுதாகரன் மவுஸைத் தொடவேயில்லை. இரண்டு கையும் மடியில்தான் இருந்தன. ஆனாலும் திரையில் அம்புக்குறி மெல்ல நகர்ந்து, பக்கத்தின் நடுவில் ஒரு வரியில் போய் நின்றது. வரி முழுவதும் நீலமாகியது.

'எவரையும் கடிந்து ஒரு சொல் பேசாத சாந்த சொரூபி.'

அவன் தன் தகப்பனாருக்கு எழுதிய வரி அது. சாவகச்சேரி பஸ் நிலையத்தில் முப்பது வருடம் நேரம் பார்த்து பஸ் விட்ட கனகரத்தினம் கண்ணை மூடி இருபத்து நாலு நாள். முப்பத்தோராம் நாள் சாப்பிட்டு எழும்பும் சனத்தின் கையில் கல்வெட்டு கொடுக்க வேண்டும். படம், வரலாறு, தேவாரம் எல்லாம் சேர்ந்த நினைவுப் புத்தகம். வியாழன் மத்தியானம் தாண்டினால் வாங்க மாட்டேன் என்று அச்சகத்துக்காரர் சொல்லிவிட்டார். இன்று திங்கள். கல்வெட்டில்லாமல் முப்பத்தொன்று செய்தால் ஊர் அதை முப்பத்தொரு வருடம் கதைக்கும்.

"கோபிகா, இஞ்சை ஓடி வாரும். கொம்பியூட்டருக்குள்ளை ஆரோ பூந்திட்டாங்கள்."

மனைவி குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள். அதற்குள் அம்புக்குறி அடங்கிவிட்டது. சுவர் மணிக்கூடு ஆறு இருபது காட்டியது.

"வைரஸாயிருக்கும். கண்ட கண்ட இடத்திலையெல்லாம் தேவாரம் இறக்கினனீங்களெல்லே?"

சுதாகரன் எதையும் முறையாகச் செய்கிறவன். வைரஸ் பிடிக்கிற மென்பொருள்களைச் சோதிக்கக் கொப்பியில் கோடு கிழித்து, பெயர், வேகம், பிடித்த வைரஸ், நூற்றுக்கு எத்தனை புள்ளி என்று எழுதினான். முதலில் இலவசமாகக் கிடைத்த ஒன்றை ஏற்றினான். குடைப் படம் போட்டது. இரண்டு மணித்தியாலம் துருவிவிட்டு, எல்லாம் சுகம் என்றது. நாற்பது புள்ளி போட்டான்.

செவ்வாய் பின்னேரம் ஆறே காலுக்கு அம்புக்குறி திரும்ப எழும்பியது. நேரே அதே வரி. அதே நீலம்.

சுதாகரன் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தான். ஆறே கால் என்பது தகப்பனார் கடைசிப் பருத்தித்துறை பஸ்ஸுக்கு விசில் ஊதுகிற நேரம். சாந்த சொரூபி என்பதெல்லாம் கல்வெட்டுக்கு எழுதுகிற பேச்சு. கனகரத்தினத்தார் சாவகச்சேரியில் நின்று ஏசினால் கொடிகாமத்தில் கண்டக்டர் கைகட்டி நிற்பான்.

கணினிக் கடைக்கார ஜெரிசனிடம் ஓடினான். அவன் காசு கொடுத்து வாங்குகிற ஒன்றைக் கொடுத்தான். கேடயப் படம். அது நாற்பத்திரண்டு ஆபத்துகளைக் கண்டுபிடித்தது. முதலாவது ஆபத்து, குடை. நாற்பத்திரண்டாவது, கல்வெட்டு. இருபத்தாறு பக்கத்தையும் பிடித்துப் பூட்டி வைத்துக்கொண்டது.

"ஜெரிசன், அப்பாவின்ரை கல்வெட்டை மறியலிலை போட்டிட்டுது."

"பதறாதேங்கோ அண்ணை. அது சந்தேகத்திலை பிடிச்சிருக்கு. விசாரிச்சுப்போட்டு விடும்."

"எப்ப விடும்?"

"அதை நாங்கள் கேக்கேலாது அண்ணை."

புதன் காலை கோபிகா தான் வேலை செய்யும் கந்தோரில் விசாரித்து, உளவு பிடிக்கிற மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்தாள். அது கேடயத்தைப் பார்த்தவுடன் இதுதான் உளவாளி என்று வேரோடு கிளப்பியது. நல்ல காலம், கல்வெட்டு வெளியே வந்தது. ஆனால் கணினி இப்போது ஓர் எழுத்தைக் காட்ட ஒரு வெத்திலை போடுகிற நேரம் எடுத்தது. புள்ளி போட சுதாகரனுக்கு மனம் வரவில்லை.

பின்னேரம் ஆறு மணிக்கு இணைய வயரைக் கழற்றினான். மவுஸின் வயரையும் பிடுங்கி மேசையில் வைத்தான். இனி யார் வந்தாலும் வாசலில்லை.

ஆறே காலுக்கு அம்புக்குறி புறப்பட்டது. தவண்டுகொண்டிருந்த கணினியில் அது மட்டும் விறுவிறென்று போனது. வரி நீலமாகியது. ஒரு சின்னப் பட்டியல் விரிந்தது. 'வெட்டு' என்ற சொல்லில் அம்பு நின்றது. வரியைக் காணவில்லை.

கோபிகா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா," என்றான் சுதாகரன் திரையைப் பார்த்து. "மருந்து பிந்தினதுக்கு நீங்கள் ஏசினது சரிதான். நான் வாயை மூடுங்கோ எண்டது பிழை. அதுக்குப் பிறகு நீங்கள் என்னோடை கதைக்கவேயில்லை. மூண்டாம் நாள் கண்ணை மூடிப்போட்டியள். எனக்கு அது ஆறேல்லை."

கோபிகாவுக்கும் கண் கலங்கியது. முகத்தைத் திருப்பியவள் கணினியின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, உதென்ன பின்னாலை நகமளவிலை செருகியிருக்கு?"

சுதாகரனும் குனிந்தான். வயரில்லாத மவுஸுக்கான துண்டு. தகப்பனார் கணினியில் சீட்டு விளையாட வைத்திருந்த மவுஸ்.

இருவரும் விறாந்தைக்கு ஓடினார்கள். அங்கே கனகரத்தினத்தாரின் படத்துக்கு முன்னால், அவர் புழங்கிய சாமான்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. கண்ணாடி, விசில், வெத்திலைத் தட்டம், கடைசியில் அந்தக் கறுத்த மவுஸ். தாய் தங்கமுத்து விளக்கைக் கொளுத்திவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். மவுஸ் அவள் கையில் இருந்தது.

"ஒவ்வொரு நாளும் உந்த நேரத்திலையோ மாமி துடைக்கிறனீங்கள்?" என்று கேட்டாள் கோபிகா.

"ஓம் பிள்ளை. விளக்கு வைக்கிற நேரம். அவருக்குத் தூசி கண்ணிலை காட்டேலாது."

சுதாகரன் கதிரையில் விழுந்து சிரித்தான். கோபிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குடை, கேடயம், உளவுப்படை எல்லாம் தேடித் திரிந்த கள்ளன் ஒரு துடைக்கிற சீலை. அவன் கொப்பியை எடுத்து, கோபிகா என்று எழுதி நூறு புள்ளி போட்டான்.

மூன்று நாளாக நெஞ்சிலிருந்த கல் இறங்கிவிட்டது. உள்ளே போய் வெட்டுப்பட்ட வரியைத் திரும்ப அடித்தான். வந்த உற்சாகத்தில் 'அன்பே உருவானவர்' என்றும் சேர்த்தான். நாளை மத்தியானம் அச்சகத்துக்குப் போய்விடும். இனி யாராவது தெரியாமல் அழுத்திவிடக் கூடாது என்று விறாந்தைக்கு வந்து கையை நீட்டினான்.

"அம்மா, உந்த மவுஸைத் தாங்கோ. பற்றறியைக் கழட்டிப்போட்டுத் தாறன்."

தங்கமுத்து அதைத் திருப்பி, துணியால் இன்னொருமுறை ஒற்றிவிட்டு, படத்தடியில் பக்குவமாக வைத்தாள்.

"அதுக்குள்ளை எங்கை தம்பி பற்றறி? கொப்பர் கண்ணை மூடின அண்டைக்கே எடுத்து, நிண்டுபோன சுவர் மணிக்கூட்டுக்குப் போட்டிட்டன்."