புலிக்கு எழுதிய டயட் சார்ட்

ஒரு காட்டில், அதன் ஓரமாக ஒரு ரிசார்ட் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தபோது, தொப்பை இல்லாத பிராணியைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. ரிசார்ட்டின் பின்பக்கம் கொட்டுகிற மிச்சம் மீதி அப்படி. குரங்குக்குச் சர்க்கரை வந்தது. கரடிக்கு முடி கொட்டியது. இந்தச் சமயத்தில்தான் பூங்காவனம் என்ற பெண்முயல் ஒரு புங்கமரத்தடியில் உணவு ஆலோசனை நிலையம் ஆரம்பித்தது.

பூங்காவனத்துக்கு முகதாட்சண்யம் கிடையாது. "வாயைக் கட்டு, முடி வளரும்" என்று கரடியிடம் நேருக்கு நேர் சொன்னது. முடி வளர்ந்தது. காட்டுப்பன்றிக்கு இடுப்பு வந்தது. அதற்கு முன்னால் பன்றிக்கு இடுப்பு இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. காலையிலேயே டோக்கன் வாங்க வரிசை நிற்கும். எல்லோருக்கும் பூங்காவனம் சொல்வது ஒன்றுதான்: "நம்ம முன்னோர் எதைச் சாப்பிட்டாங்களோ, அதையே சாப்பிடுங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினேழாம் டோக்கனோடு வேங்கடபதி வந்தது. காட்டின் ஒரே புலி. வரிசையில் யாரும் பயந்து ஓடவில்லை. அது வேட்டையாடி மூன்று வருஷம் ஆயிற்று. அந்தச் சின்ன மேட்டில் ஏறுவதற்குள்ளேயே இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது.

பூங்காவனம் படிவத்தை வாங்கிப் பார்த்தது. 'தினசரி உணவு' என்ற இடத்தில் எழுதியிருந்தது: காலை பரோட்டா எட்டு, சால்னா. மதியம் மிச்ச பிரியாணி. மாலை கிரீம் கேக், டப்பாவோடு.

"டப்பாவோடவா?"

"பிரிக்கப் பொறுமை இல்ல, டாக்டரம்மா."

"சரி, என்ன கஷ்டம்? சொல்லுங்க."

புலி குரலைத் தாழ்த்தியது. "பக்கத்துக் காட்டுக்குப் பொண்ணு பார்க்கப் போனேன். பொண்ணு எட்டிப் பார்த்துட்டு, 'இந்த எருமைக்கு யாரு பெயின்ட் அடிச்சது'ன்னு கேட்டுட்டா." அதற்குக் கண் கலங்கிவிட்டது.

பூங்காவனத்துக்கு மனசு இளகியது. தொழில் உற்சாகமும் சேர்ந்துகொண்டது. "கவலையே வேண்டாம். மூணு மாசம் கொடுங்க. வயிறு ஒட்டிடும். தோல் பளபளக்கும். ஓட்டத்துல மானையே முந்துவீங்க."

வரிசையில் நின்ற மான் லேசாக இருமியது.

"மைதா கூடாது. எண்ணெய் கூடாது. உங்க தாத்தா எதைச் சாப்பிட்டாரோ அதையே..." அத்தோடு முயலின் பேச்சு நின்றுவிட்டது.

"தாத்தாவா?" புலி தலையைச் சாய்த்து யோசித்தது. "கட்டுமஸ்தா இருப்பார். என்னமோ சாப்பிடுவாரே..." யோசித்தபடியே வரிசையைப் பார்த்தது. மானைப் பார்த்தது. இடுப்பு வந்த பன்றியைப் பார்த்தது. "புதுசா, கொழுப்பே இல்லாம..."

அடுத்த நொடி, வரிசை இருந்த இடத்தில் டோக்கன்கள் மட்டும் கிடந்தன.

பூங்காவனமும் ஓடியிருக்கும். கால் நகரவில்லை. வாய்தான் நகர்ந்தது.

"கட்டுமஸ்தா? அது வீக்கம் ஐயா! பச்சை மாமிசம் தின்னு உள்ளுக்குள்ள என்ன பாடு பட்டாரோ. வெளியே சொல்லியிருக்க மாட்டார்."

புலி திகைத்தது. "ஆமா, ரொம்ப உறுமுவார்."

"அது வாயு."

"ஐயோ தாத்தா!"

"உங்க உடல்வாகே வேற. பரோட்டாவைப் பன்னிரண்டு ஆக்குங்க. பிரியாணி இரண்டு வேளை. கேக்கை டப்பா இல்லாம சாப்பிடுங்க." தொழில் தர்மத்துக்காக அந்த ஒன்றை மட்டும் உண்மையாகவே சொன்னது.

"அப்ப பொண்ணு?"

"ரசனை இல்லாத பொண்ணு. உங்களுக்கு இருக்கிறது தொப்பை இல்ல ஐயா, களை."

புலி அழுதேவிட்டது. "என்கிட்ட இவ்வளவு அன்பா யாருமே பேசினதில்ல, டாக்டரம்மா."

அன்று முழுக்கப் பூங்காவனத்துக்கு அருகம்புல் தொண்டையில் இறங்கவில்லை. ஒரு நோயாளியிடம் அது பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. மறுநாள் மானும் பன்றியும் குட்டிகளோடு வந்து மாலை போட்டபோது கொஞ்சம் இறங்கியது.

இப்போது வேங்கடபதி ரிசார்ட் பக்கம் போவதில்லை. எழுந்திருக்க முடிந்தால்தானே போக. புங்கமரத்தடியிலேயே படுத்திருக்கிறது. மான்கள் முறைவைத்துப் பரோட்டா கொண்டுவந்து ஊட்டுகின்றன. வருகிறவர்களிடமெல்லாம், "எல்லாம் டாக்டரம்மா கைராசி" என்று பெருமையாகச் சொல்கிறது. கல்யாணம் மட்டும் கூடிவரவில்லை. கூடிவராமல் பார்த்துக்கொள்ள ஒரு கமிட்டியே இருக்கிறது. அதற்குத் தலைவி பூங்காவனம்.

நீதி: யாருக்கு டயட் சார்ட் எழுதிக் கொடுத்தாலும், அதில் மதியச் சாப்பாடாக நாமே இருக்கிறோமா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.