கட்டுப்படியாகிற விலை

வியாபாரி அன்னாசிப் பழத்தைத் தட்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். கொண்டையைப் பிடித்துத் தூக்கி ஆட்டினார். பழம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கொண்டை பெரிது, கொண்டையையும் சேர்த்து எடை போட முடியாது என்றார்.

தோட்டக்காரருக்கு இருப்பதே ஒரு ஏக்கர். ஒன்றரை வருஷம் அவரும் மனைவியும், முள் கிழிக்காமலிருக்கக் கைகளில் பழைய காலுறைகளை மாட்டிக்கொண்டு, களை எடுத்து வளர்த்த பழம். இதுவும் காலை வாரினால் நிலத்தை விற்றுவிட்டு நகரத்தில் மைத்துனன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் குடியேற வேண்டியதுதான். அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கி வைத்துவிட்டதாக மைத்துனன் தகவலும் அனுப்பியிருந்தான்.

"சரி, என்ன விலைக்குத் தருவீங்க? பெரியவர் லைன்ல இருக்காரு. உங்க வாயாலயே சொல்லுங்க" என்று வியாபாரி போனை நீட்டினார்.

கம்பெனி முதலாளியே கேட்கிறார் என்றதும் தோட்டக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். விலையைச் சொன்னார். அது ஏன் இவ்வளவு குறைவு என்பதையும் விளக்கினார். பெரிய தோட்டங்களைப் போல இங்கே மேஸ்திரி கிடையாது, காவலாள் கிடையாது, ஆபீஸ் கிடையாது. சின்ன இடம், சிக்கனமான வேலை.

மறுமுனையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். தன் நிர்வாகத்தை மெச்சுகிறார் போல என்று தோட்டக்காரர் நினைத்துக்கொண்டார்.

கொண்டையை வெட்டி வைக்கச் சொல்லிவிட்டு வியாபாரி கிளம்பினார். பின்னாலேயே காலி லாரியும் மேட்டுச் சாலையில் ஏறிப் போனது.

கொண்டையோடு வாங்குகிற ஆளைத் தேடலாமே என்றாள் மனைவி. அவர் கேட்கவில்லை. இருவரும் குனிந்த முதுகு நிமிராமல் வெட்டித் தள்ளினார்கள். வெட்டிய இடத்தில் எறும்பு ஏறியது. எறும்புக்குச் சாம்பல் தூவினார். தூறலில் சாம்பல் கரைந்து, பழங்களெல்லாம் சீக்காளி முகம் போல ஆயின. கழுவினார். கழுவிய ஈரம் உள்ளே இறங்கி, சில பழங்கள் அழுகத் தொடங்கின.

மறுபடி வந்த வியாபாரி தலையில் கை வைத்துக்கொண்டார். மொட்டைப் பழத்தை எந்தக் கடைக்காரன் வாங்குவான் என்றார். பிறகு போனை நீட்டினார்.

தோட்டக்காரர் பாதி விலை சொன்னார்.

"இந்த விலைக்கு உனக்கு எப்படிப்பா கட்டுப்படியாகுது?" போனுக்குள்ளிருந்து வந்த குரல் உடைந்திருந்தது.

"நாங்க ரெண்டு பேரும் கூலி போட்டுக்கிறதில்லீங்க" என்றார் அவர் பெருமையாக.

பின்னால் கூடையைச் சுமந்து வந்த மனைவி நின்றுவிட்டாள். "எனக்குக் கூலி கிடையாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?"

அவர் பதில் சொல்வதற்குள் வியாபாரி புதிதாக ஒரு குறையைக் கண்டுபிடித்தார். இன்னும் பறிக்காமல் செடியில் இருக்கிறதெல்லாம் பச்சை, மஞ்சள் ஏறட்டும் என்றார்.

ஏறியது. மொத்தத் தோட்டமும் ஒரே மூச்சில் பழுத்து, வெடித்து, புளித்த வாடை வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்டது. இருவரும் பழமாகத் தின்று நாக்கு வெந்து பேச்சைக் குறைத்தார்கள். பேசவும் பெரிதாக ஒன்றுமில்லை. மனைவி துணிமணிகளை மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள்.

மூன்றாம் முறை லாரி வந்தபோது தோட்டக்காரரிடம் விலை என்று எதுவும் மிச்சமில்லை.

"சும்மாவே எடுத்துக்கங்க. நிலத்தைக் காலி பண்ணிக் குடுத்தாப் போதும்."

வியாபாரியின் முகம் மலர்ந்தது. போனை நீட்டி, அதையே இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னார். தோட்டக்காரர் போனுக்குள் கத்தினார். இந்தத் தடவை அந்தப் பக்கம் பெருமூச்சுகூட வரவில்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டது. வியாபாரி அவர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஏறி மேட்டுச் சாலையில் பறந்தார்.

லாரி மட்டும் நின்றது. அழுகாத பழமாகப் பார்த்துக் கூடைகளில் அடுக்கிய தோட்டக்காரர், எப்போது ஏற்றலாம் என்று டிரைவரிடம் கேட்டார்.

டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"ஏத்த மாட்டோம்ண்ணே. போன்ல இருந்தது எங்க முதலாளி இல்ல, மேல இருக்கிற பெரிய தோட்டத்துக்காரரு. உங்க விலையை அவர் காதுல போட்டு, அவர் பழத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கத்தான் நாங்க இங்க வர்றதே."